பத்தாவது கோல்

மார்ச் 4, திங்கள்

அமெரிக்காவில் இந்தச் சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு டீச்சராக வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்று முதல் பெண்கள் கால்பந்துக் குழுவுக்குப் பயிற்சியாளரும் நான்தான்.

மத்தியானம் விளையாட்டு நிர்வாகி கென் வந்து என் மேஜை ஓரத்தில் உட்கார்ந்தார். ஆறடி மூன்றங்குல மனிதர் மேஜை ஓரத்தில் உட்கார்ந்தால் ஏதோ வேலையைத் தலையில் கட்டப்போகிறார் என்று அர்த்தம். "டெல்பின், உங்க விண்ணப்பத்துல காலேஜ் டீம்ல இருந்ததா எழுதியிருக்கீங்களே" என்றார். எழுதியிருந்தேன். அதைப் பற்றி இங்கே விவரிக்கப் போவதில்லை.

விஷயம் இதுதான். இந்த விளையாட்டில் இங்கே கருணை விதி என்று ஒன்று இருக்கிறது. இரண்டாம் பாதியில் பத்து கோல் வித்தியாசம் வந்துவிட்டால் நடுவர் ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடுவார். போன வருஷம் நம் பிள்ளைகள் ஆடிய பன்னிரண்டு ஆட்டமும் அப்படித்தான் முடிந்தது. எண்பது நிமிட ஆட்டத்தில் ஒன்றுகூட எண்பதைப் பார்க்கவில்லை. பள்ளி வாரியம் கூடிப் பேசியிருக்கிறது. இந்த வருஷமும் இப்படியே என்றால் குழுவைக் கலைத்துவிட்டு மைதானத்தைப் பேண்டு வாத்தியக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

"ஜெயிக்க வேண்டாம். ஒரே ஒரு ஆட்டத்தைக் கடைசி வரைக்கும் ஆடி முடிச்சாப் போதும்" என்றார் கென்.

அவ்வளவுதானே என்று சொல்லிவிட்டேன். வாய் எனக்கு எப்போதும் ஒரு அடி முன்னால்தான் போகும்.

மார்ச் 5, செவ்வாய்

மொத்தம் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஆட பதினோரு பேர், உட்கார ஒரு ஆள்.

கோலுக்கு நிற்பவள் மெக்கென்னா. கோதுமை விவசாயி வீட்டுப் பெண். நெடுநெடுவென்று வளர்ந்தவள். இலையுதிர் காலத்தில் கைப்பந்து, குளிர்காலத்தில் கூடைப்பந்து, வசந்தத்தில் இது. கால்பந்து அவளுக்கு மூன்றாவது பந்து. மற்றவர்களுக்கும் ஏறக்குறைய அப்படியே. பத்து வாரம் ஆடுவார்கள், அப்புறம் ஒன்பது மாதம் தொட மாட்டார்கள்.

பந்து தானாக வந்து காலில் ஒட்டிக்கொள்வது ஒரே ஒருத்திக்குத்தான். யெசேனியா. அப்பா, அம்மா இருவருக்கும் ஊருக்கு வெளியே இருக்கும் மாட்டிறைச்சி ஆலையில் வேலை. மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். அவளைப் பின்வரிசையில் நடுவில் நிறுத்தினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மார்ச் 6, புதன்

குளச்சலிலிருந்து அண்ணன் போன் செய்தான். ததேயு அண்ணன் படகு இன்ஜின் ரிப்பேர் செய்பவன். முழங்கால் போகும்வரை எங்கள் ஊர் எழுவர் அணியில் பின்வரிசை ஆடியவன். அவன் நின்றால் தெரு அடைபட்ட மாதிரி இருக்கும் என்பார்கள்.

"பிள்ளே, கேட்டியா. முப்பத்து மூணு கோடி சனம் இருக்க நாடாக்கும் அது. அதுல பந்தடிக்க பதினோரு பேரு கெடைக்கலியா? உலகக் கோப்பையில அவனுவ ஆடுறதப் பாத்தா பாவமா இருக்கு."

"எனக்கென்ன தெரியும்ணே. நான் கணக்கு டீச்சர்."

"நீ கண்டுபிடிச்சுச் சொல்லு" என்றான். கல்யாணப் பேச்சை விட்டுவிட்டுப் பந்துப் பேச்சுக்கு வந்துவிட்டான். அந்த வகையில் எனக்கு நிம்மதி.

மார்ச் 8, வெள்ளி

அண்ணனுக்கு முதல் பதில் கிடைத்துவிட்டது. பந்துகள் எல்லாம் ஒரு இரும்புக் கொட்டகைக்குள் பூட்டிக் கிடக்கின்றன. சாவி கென்னிடம். பயிற்சியாளர் இல்லாமல் பிள்ளைகள் மைதானத்தில் பந்தைத் தொடக்கூடாது, காப்பீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தெருவில் ஆடலாமே என்றால் தெருவில் ஆளே இல்லை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் காரில் போகிற ஊர்.

எங்கள் ஊரில் பெரியவர் யாராவது வந்து நின்றால் ஆட்டம் கலைந்துவிடும். இங்கே பெரியவர் வந்தால்தான் ஆட்டம் தொடங்குகிறது. ஒரு பிள்ளை என்னிடம் கேட்கிறது: "கோச், பந்து என்கிட்ட இல்லாதப்ப நான் எங்க நிக்கணும்?" எங்கள் ஊரில் ஐந்து வயதுக் குழந்தை கேட்காத கேள்வி. அது முட்டாள் பிள்ளையும் இல்லை, கணக்கில் தொண்ணூற்றாறு வாங்குகிறது. யாரும் சொல்லாமல் தானாகத் தெரிந்துகொள்ள அதற்கு ஒரு சாயங்காலம்கூடக் கிடைத்ததில்லை.

சாயங்காலம் ஆளுக்கொரு பந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். கென் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்தார்.

மார்ச் 12, செவ்வாய்

முதல் ஆட்டம். வெளியூர். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். ஆட்டம் நாற்பத்து நான்கு நிமிஷம். 10–0.

அந்த ஊர்ப் பிள்ளைகள் வருஷம் முழுவதும் தனியார் கிளப்பில் ஆடுகிறவர்கள். கிளப்புக்கான கட்டணத்தைக் கேட்டேன். அந்தத் தொகையில் நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்தையே நடத்திவிடலாம். பணம் இருக்கிற வீட்டுப் பிள்ளைகள்தான் இங்கே பந்து கற்றுக்கொள்கிறார்கள். இது அண்ணனுக்கு இரண்டாவது பதில். சொன்னால் நம்ப மாட்டான். பந்து விளையாடக் காசா என்பான்.

பஸ்ஸில் யாரும் அழவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பழகிவிட்டார்கள்.

மார்ச் 19, செவ்வாய்

41 நிமிடம். 10–0.

மார்ச் 26, செவ்வாய்

52 நிமிடம். 10–0. முதல் ஆட்டத்தைவிட எட்டு நிமிஷமாவது கூடுதலாக நிற்க வேண்டும் என்று கேட்டிருந்தேன், எட்டு நிமிஷம் நின்றார்கள். மெக்கென்னாவுக்கு உதடு கிழிந்து ரத்தம். "பரவாயில்ல கோச், கூடைப்பந்துல இதவிட மோசம்" என்றாள். நல்ல பிள்ளை.

உள்ளூர் ஆட்டம்தான். பார்க்க வந்தவர்கள் பதினான்கு பேர், அதில் இரண்டு பேர் வண்டியை விட்டு இறங்கவில்லை. இதே மைதானத்தில் வெள்ளிக்கிழமைகளில் பையன்களின் அமெரிக்கன் ஃபுட்பால் நடக்கும்போது ஊரே கடையைச் சாத்திவிட்டு வரும். பேண்டு, உற்சாகமூட்ட ஆடிப் பாடும் பெண்கள், சோளப்பொரி. புல்லில் அவர்கள் போட்ட கோடு இன்னும் அழியவில்லை. எங்கள் கோட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

மெக்கென்னாவின் அப்பாவிடம் பேசிப் பார்த்தேன். நாகரிகமான மனிதர். "தப்பா நினைக்காதீங்க டீச்சர். ஒரு மணி நேரம் ஓடறாங்க, எதுவும் நடக்கலையே" என்றார். எங்கள் ஊரில் ஒரு கோலும் விழாத ஆட்டத்தைப் பத்து வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அதை இவருக்கு எந்த மொழியில் சொல்வது?

ஏப்ரல் 2, செவ்வாய்

58. அண்ணன் சொன்ன வழி வேலை செய்கிறது. பத்துப் பேரையும் கோலுக்கு முன்னால் அடைத்து நிறுத்தி, பந்து வந்தால் எங்கேயாவது தள்ளிவிடச் சொல்லியிருக்கிறேன். யாரும் நடுக்கோட்டைத் தாண்டி முன்னே போகக்கூடாது.

ஏப்ரல் 9, செவ்வாய்

66.

விடைத்தாள் திருத்த வேண்டியது நாற்பது இருக்கிறது. ஒன்றும் ஓடவில்லை. அறுபத்தாறு என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதினான்கு நிமிஷம்.

ஏப்ரல் 18, வியாழன்

இன்றைக்கு யெசேனியாவோடு சண்டை. 8–0 இருக்கும்போது பந்தை எடுத்துக்கொண்டு தனியாக முன்னே ஓடிவிட்டாள். மூன்று பேரைத் தாண்டினாள், பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான்காவது ஆள் பறித்து, பின்னால் திறந்து கிடந்த இடத்தில் புகுந்து ஒன்பதாவது. அடுத்த நிமிஷம் பத்தாவது. 61.

"உன்னை எங்க நிக்கச் சொன்னேன்?"

"எப்பவும் வாங்கிக்கிட்டே இருக்கணுமா கோச்? நாங்க எப்பதான் அடிக்கறது?"

"முதல்ல வாங்காம இருக்கக் கத்துக்கோ."

"பஸ் ஓட்டறவரையும் கூப்பிட்டு நிறுத்துங்க. பதினொண்ணோட பன்னெண்டா நிக்கட்டும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த ஆட்டத்தில் நீ ஆட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரிதான் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

யெசேனியா இல்லாமல் ஆடினோம். 47.

அவள் இன்று பள்ளிக்கூடத்துக்கும் வரவில்லை.

ஏப்ரல் 25, வியாழன்

பள்ளி விட்டதும் கடைத்தெரு மெக்சிகன் மளிகைக் கடைக்குப் போனேன். வெங்காயம் வாங்கப் போனதாக எழுதலாம், ஆனால் வீட்டில் வெங்காயம் இருக்கிறது. யெசேனியா அங்கே சாயங்காலங்களில் வேலை செய்வாள். அரிசி மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் அடுக்குவதை நிறுத்தவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. அதனால் வேறொன்றைச் சொல்லிவிட்டேன். இருபது வருஷமாக யாரிடமும் சொல்லாததை, பதினாறு வயதுப் பெண்ணிடம், சோள மாவுப் பைகளுக்கு நடுவே நின்று சொன்னேன். நான் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை.

எங்கள் ஊரில் மாதா கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே மைதானம். ஆண்கள் ஆடுவார்கள். நாங்கள் கோயில் சுவரோரம் நின்று பார்ப்போம். பார்த்தே எல்லாம் தெரியும் எனக்கு, யார் எங்கே நிற்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று. நாகர்கோவில் கல்லூரியில் பெண்கள் அணிக்கு ஆள் எடுத்தார்கள். தேர்வானேன். பதினான்காம் எண் சட்டை கொடுத்தார்கள். முதல் ஆட்டத்துக்கு மதுரைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும்விட்டேன். அப்பா வந்து ஜன்னல் பக்கம் நின்று, "இறங்கு" என்றார். இறங்கினேன். பட்டியலில் பெயர் இருந்தது, அதனால் விண்ணப்பத்தில் எழுதியது பொய்யில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

யெசேனியா கையைத் துடைத்துக்கொண்டாள். "தெரியும் கோச்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க ஆடினதில்லன்னு. முதல் வாரமே எல்லாருக்கும் தெரியும். பந்து உருண்டு வந்தா நீங்க காலைத் தள்ளி வச்சுக்கிட்டு, குனிஞ்சு கையால எடுக்கறீங்க. ஆடினவங்க யாரும் அப்படி எடுக்க மாட்டாங்க."

"அப்ப ஏன் ஒருத்தியும் சொல்லல?"

"நீங்க எல்லா நாளும் வந்தீங்க. போன வருஷ கோச் பாதி நாள் வரல."

இருபது வருஷம் சுமந்த மூட்டை. இறக்கி வைத்தால் அதற்குள் ஒன்றுமே இல்லை. வண்டியில் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் வெறுமனே சிரித்தேன். மறக்காமல் வெங்காயமும் வாங்கியிருந்தேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

73. யெசேனியா சொன்ன இடத்தில் நின்றாள், ஒரு அடி நகரவில்லை. ஆனாலும் கடைசியில் கால்கள் நின்றுவிட்டன, பிள்ளைகளால் முடியவில்லை. இன்னும் ஏழே நிமிஷம். அந்த நடுவரின் விசிலைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

இங்கே எழுதாமல் விட்ட மூன்றையும் சேர்த்துப் பதினொன்று முடிந்தது. மிச்சம் ஒன்று. வியாழக்கிழமை, உள்ளூரில். வருகிறவர்கள், மார்ச்சில் நாற்பத்து நான்கு நிமிஷத்தில் எங்களை முடித்து அனுப்பினார்களே, அதே பிள்ளைகள்.

மே 2, வியாழன்

ஆட்டம் நடக்கவில்லை. மூன்றரை மணிக்கு மேற்கே வானம் கறுத்தது. இடி கேட்டால் அரை மணி நேரம் யாரும் மைதானத்தில் கால் வைக்கக்கூடாது. அரை மணி முடிவதற்குள் அடுத்த இடி. ஆறு மணிக்குக் கென் கையை விரித்தார். சனிக்கிழமை பதினொன்றரைக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை பன்னிரண்டாவது பெண்ணுக்கு ஓட்டப்பந்தயம் இருக்கிறது. வசந்த காலத்தில் இரண்டு விளையாட்டில் பெயர் கொடுத்திருக்கிறாள், இரண்டும் ஒரே நாளில் வந்துவிட்டன. அவளைக் குறை சொல்ல முடியாது, அதில்தான் அவளுக்குப் பதக்கம் கிடைக்கும். ஆக, பதினோரு பேர். ஒருத்திக்குக் கால் பிசகினாலும் மாற்ற ஆளில்லை.

யெசேனியா மட்டும் சந்தோஷமாக இருந்தாள். "சனிக்கிழமைன்னா அப்பாவுக்கு லீவு. இதுவரைக்கும் ஒரு ஆட்டம்கூட அப்பா பார்த்ததில்ல. ஆலைல யாருமே பார்த்ததில்ல. நாலு மணி ஆட்டத்துக்கு யாரு வர முடியும்?"

நின்றுவிட்டேன். இந்த ஊரில் கால்பந்துக்கு ரசிகர்களே இல்லை என்று இரண்டு மாதமாக அண்ணனிடம் புலம்பிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் ஆலையில் கத்தி பிடித்து நின்றிருக்கிறார்கள். யாரும் அவர்களைக் கேட்டு நேரம் வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மே 3, வெள்ளி

காலையில் அண்ணன் போன்.

"அவளுவ எவ்வளவு தூரத்துல இருந்து வாறாளுவ?"

"மூணு மணி நேரம்."

"அப்ப வெறும் வயித்தோட வருவாளுவ. நம்ம ஊருக்கு ஆட வாறவங்களுக்கு நாம என்ன செய்வோம்?"

"சோறு போடுவோம்."

"எப்ப போடுவோம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

தூரத்திலிருந்து வருகிறவர்களைப் பசியோடு நிறுத்துவது எங்களுக்குப் பழக்கமில்லை. அவ்வளவுதான் இதில் இருக்கிறது. மெக்சிகன் கடையில் உறைய வைத்த மரவள்ளிக் கிழங்கு கிடைக்கிறது, எங்கள் ஊர் மரச்சீனி. பத்துப் பை வாங்கினேன். தேங்காய் அரைத்துவிட்டுக் கோழிக் கறி. யெசேனியாவின் அம்மா ரொசால்பா நான் வாங்குவதைப் பார்த்து என்ன விசேஷம் என்று கேட்டாள். விருந்தாளிகளுக்கு என்றேன். "ஆட்டத்துக்கு முன்னயா, பின்னயா?" என்றாள். முன்னால் என்றேன். என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, சோள மாவில் பன்றிக் கறி வைத்து அவித்து நூறு உருண்டை கொண்டுவருகிறேன் என்றாள். நல்ல மனசு.

எங்கள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஆட்டம் முடிந்த பிறகுதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

மே 4, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

பத்து மணிக்குப் பஸ் வந்தது. அவர்களுடைய கோச் சாப்பாட்டு மேஜையைப் பார்த்து, "கொஞ்சமா எடுத்துக்குங்க பொண்ணுகளா" என்றார். மரச்சீனி மசியலைக் கொஞ்சமாகச் சாப்பிட்ட ஆளை நான் பார்த்ததில்லை. அவரே இரண்டாம் முறை தட்டை நீட்டினார்.

பதினொன்றரைக்கு நிமிர்ந்து பார்த்தால் கூட்டம். ஆலைக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள், கையில் பிள்ளை, தோளில் பிள்ளை. இருநூறு பேருக்குக் குறையாது. யாரோ ஒரு முரசு கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்காகக் கூட்டம் வருவது இதுவே முதல் தடவை.

முதல் பாதி 4–0. வந்த பிள்ளைகள் மெதுவாகத்தான் ஓடினார்கள். வெயில் அதிகம்.

இரண்டாம் பாதியில் அவர்களுக்குச் சோறு செரித்துவிட்டது. ஐந்து, ஆறு, ஏழு. மெக்கென்னா விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து, முழங்கை இரண்டும் தோல் போய்விட்டது. எட்டு. இங்கே கடிகாரம் இறங்குமுகமாக ஓடும். பலகையில் பதினெட்டு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது ஒன்பது. இன்னும் ஒன்று வாங்கினால் எல்லாம் முடிந்தது. இந்த ஆட்டம், இந்தக் குழு, எல்லாம். எல்லோரையும் பின்னே, இன்னும் பின்னே என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் யெசேனியா பந்தோடு கிளம்பினாள்.

"ஏ பிள்ளே, திரும்பி வா, திரும்பி வா" என்று கத்தினேன். தமிழில் கத்துகிறேன் என்பது பக்கத்தில் நின்றவர்கள் பார்த்த பிறகுதான் தெரிந்தது. தமிழில் கத்தினால் என்ன, இங்கிலீஷில் கத்தினால் என்ன, அவள் கேட்கிற நிலையில் இல்லை. ஒருத்தியைத் தாண்டினாள். இன்னொருத்தியைத் தாண்டினாள். பின்னால் நான் அடைத்து வைத்த சுவரில் ஒரு பெரிய ஓட்டை. அந்தப் பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது. அவர்களுடைய கோல்காரிக்கு ஆட்டம் முழுவதும் வேலையே இருக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றிருந்தாள். யெசேனியா தூரத்திலிருந்தே தூக்கி அடித்தாள். பந்து அந்தக் கோல்காரியின் தலைக்கு மேலே போய், ஒரு தடவை தரையில் குதித்து, உள்ளே.

9–1.

முரசு கிழிந்துவிடும் போல அடித்தார்கள். பத்துப் பேரும் ஓடிப்போய் அவள் மேல் விழுந்தார்கள். இந்தப் பருவத்தில் எங்களுடைய முதல் கோல். போன வருஷத்தையும் சேர்த்தால் இருபத்து நான்கு ஆட்டத்தில் முதல் கோல். மெக்கென்னாவின் அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற ஆலைக்காரரைக் கட்டிப்பிடித்தார். அவர் பெயர்கூட இவருக்குத் தெரியாது.

நான் மட்டும் சும்மா நின்றேன். பதினாறு வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கழித்தல் சொல்லிக் கொடுக்கிறேன். வித்தியாசம் பத்து வரக்கூடாது என்றால் அதைத் தடுக்க இரண்டு வழி. வாங்குவதைக் குறைக்கலாம், அடிப்பதைக் கூட்டலாம். இரண்டு மாதமாக நான் முதல் எண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டு, இரண்டாவது எண் எப்போதும் பூஜ்யம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். சுவரோரம் நின்று பார்த்தவளுக்கு அடி வாங்காமல் இருப்பதுதான் ஆட்டமாகத் தெரிந்திருக்கிறது. அடிக்கக் கிளம்பிய பிள்ளையைத்தான் ஒரு ஆட்டம் உட்கார வைத்தேன்.

எட்டு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது அவர்கள் பத்தாவது கோலை அடித்தார்கள்.

பலகையை இயக்கியது கென். பத்து என்ற எண்ணைப் போட்டதும் பழக்க தோஷத்தில் கை தானாகப் போய் முடிவுச் சங்கை அழுத்திவிட்டது. அவர்கள் வரிசையாக நின்று கைகுலுக்கத் தயாரானார்கள். அவர்களுடைய கோச் தண்ணீர்ப் புட்டிகளைப் பையில் போட ஆரம்பித்தார். எங்கள் பிள்ளைகளில் இரண்டு பேர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஓடினேன். என் வயதுக்கும் உடம்புக்கும் ஓடக்கூடாத வேகம்.

நான் போய்ச் சேர்வதற்கு முன்பே நடுவர் இல்லை என்று தலையை ஆட்டினார். இரண்டு கையையும் உயர்த்தி ஒன்பது விரலைக் காட்டினார். பத்துக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் ஒன்பது. ஆட்டம் முடியவில்லை.

கென் எழுந்து நின்று இரண்டு கையாலும் மன்னிப்புக் கேட்டார். எட்டு நிமிஷத்தைத் திரும்பக் கடிகாரத்தில் ஏற்றினார்.

"கோச், இப்ப எல்லாரும் பின்னால நிக்கணுமா?" என்று கேட்டாள் யெசேனியா. மூச்சு வாங்கியது. முகமெல்லாம் மண்.

"உனக்கு என்ன தோணுது?" என்றேன்.

அவள் எல்லோரையும் கூப்பிட்டு என்னவோ சொன்னாள். ஏழு பேர் பின்னே போனார்கள், மூன்று பேர் முன்னே போனார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெரிய ஊர்ப் பிள்ளைகள் தங்கள் பக்கமும் ஆள் விட்டு வைக்க வேண்டியதாயிற்று. எல்லோரும் எங்கள் மேல் வந்து விழ முடியவில்லை. ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இன்னொன்றை மெக்கென்னா விரல் நுனியால் தட்டிவிட்டாள். கடைசி அரை நிமிஷத்தில் அவர்களில் ஒருத்தி கோலுக்கு எதிரே தனியாக நின்றாள், அடிக்காமல் பின்னால் இருந்தவளுக்குத் தள்ளினாள். களைப்பா, மரச்சீனியா, இரக்கமா என்று எனக்குத் தெரியாது. கேட்கப் போவதுமில்லை.

கூட்டம் எண்ண ஆரம்பித்தது. ஆலைக்காரர்கள் ஸ்பானிய மொழியில், விவசாயிகள் இங்கிலீஷில். ஐந்து, நான்கு, மூன்று. சங்கு ஊதியது. இந்தத் தடவை அது பழக்க தோஷம் இல்லை.

தோற்ற குழு மைதானத்தைச் சுற்றி ஓடுவதை அந்தப் பெரிய ஊர்ப் பிள்ளைகள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து கோல் அடித்த தாங்கள் எதையோ தவறவிட்டுவிட்டோம் என்பது மாதிரி இருந்தது அவர்கள் முகம். அப்புறம் எல்லோரும் கலந்து உட்கார்ந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார்கள். ரொசால்பா என்னைப் பார்த்துத் தட்டை நீட்டினாள்.

கென் வந்து பக்கத்தில் நின்றார். உட்கார மேஜை இல்லை. "வாரியத்துக்கு நான் இன்னிக்கே எழுதிடறேன். அடுத்த மார்ச்சுல எத்தனை சட்டை வேணும்னு சொல்லுங்க" என்றார். பத்து விரலையும் இரண்டு தடவை விரித்துக் காட்டினேன், இருபது. ஆட்டங்களைச் சனிக்கிழமையில் வைக்க முடியுமா என்றும் கேட்டேன். முயற்சி செய்கிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்தேன். மார்ச் நாலாம் தேதியிலிருந்து தோள் இரண்டையும் காதுவரை தூக்கி வைத்துக்கொண்டே நடந்திருக்கிறேன் போல. இப்போதுதான் இறங்கியது.

எட்டு மணிக்கு அண்ணன் கூப்பிட்டான். அங்கே ஞாயிறு காலை, முதல் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"என்னாச்சு பிள்ளே?"

"பத்து, ஒண்ணு."

"ஆருக்குப் பத்து?"

"அவளுவளுக்கு."

அண்ணன் தணிந்த குரலில், "அப்ப தோத்தாச்சு, இல்லியா" என்றான்.

"ஆமாண்ணே, தோத்தாச்சு" என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை, கண்ணிலிருந்து தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. "முழு எண்பது நிமிசமும் நின்னு தோத்தோம்."